பெயர் வைக்காத அம்மாவின் ஒயர் கூடை

அண்ணே,

உன் ஒயர் கூடை இப்போது என் பஸ்ஸில் இருக்கிறது. டிரைவர் சீட்டுக்குப் பின்னால், தண்ணீர் பாட்டில் மாட்டுகிற கொக்கியில் தொங்குகிறது. பச்சையும் வெள்ளையுமாய்க் கட்டம் போட்ட பின்னல். பிய்ந்துபோன கைப்பிடியை நீ தேங்காய் நார்க் கயிற்றால் கட்டினாயே, அந்தக் கட்டு இன்னும் அவிழவில்லை. இன்று காலை மழை. ஜன்னல் வழியாகச் சாரல் அடித்துக் கயிறு நனைந்துவிட்டது. நனைந்த நாரின் வாசனை மூக்கில் ஏறியதும் நீ என் பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. சங்கதி ஒன்று நடந்துபோய்விட்டது, அதை உன்னிடம் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எட்டாம் வகுப்பு அரைப் பரீட்சையோடு நின்றவன் எழுதுகிற கடிதம் இது. ஆனாலும் என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு எங்கள் ஹெட்மாஸ்டர், "இவன் கலெக்டர் ஆக வேண்டியவன்" என்று கண்ணீர் விட்டார். சரி, உன்னிடம் எதற்குப் புளுகு. ஹெட்மாஸ்டர் இல்லை, பியூன். கண்ணீரும் இல்லை. ஆனால் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று சொன்னது நிஜம்.

கூடையை உன் பதினாறாம் நாள் காரியத்தன்று அண்ணிதான் பரணிலிருந்து இறக்கிக் கொடுத்தார். "தூக்கிப் போடவும் மனசு வரல தம்பி, வூட்ல வெச்சுக்கவும் ஒரு மாதிரியா கீது. நீயே எடுத்துக்கினு போ" என்றார். வாங்கும்போது உள்ளே எட்டிப் பார்த்தேன். முப்பது வருஷத்துக்கு அப்புறமும் கத்திரிக்காய் இருக்கும் என்று நினைத்தேனோ என்னவோ.

அந்த மே மாதத்து ராத்திரியைப் பற்றி நீ என்னிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னாய். நடந்து மூன்றாம் நாள், கயிற்றுக் கட்டு மேல் உட்கார்ந்துகொண்டு. ஊருக்கே பந்தல் கட்டியவன் நீ. அன்று நடந்த தேர்தல் கூட்டத்துக்கும் ஒரு பக்கத்துத் தடுப்பு உன் கை வேலை. சவுக்குக் கழி நட்டு, நார்க் கயிற்றைத் தண்ணீரில் ஊறப்போட்டுக் கட்டுவாய். ஈரத்தில் போட்ட முடிச்சு காயக் காய இறுகும், ஜே.சி.பி. வைத்து இழுத்தாலும் வராது. ஆனால் ஒவ்வொரு தடுப்பிலும் ஒரே ஒரு முடிச்சை மட்டும் உருவாஞ்சுருக்காகப் போட்டு வைப்பது உன் வழக்கம். கூட்டம் நெருக்கி எவனுக்காவது மூச்சு முட்டினால் ஒரு இழுப்பில் வழி திறக்க வேண்டும் என்பாய். வேறு எந்தப் பந்தல்காரனும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

அந்த முடிச்சுக்குப் பக்கத்தில்தான் அந்த அம்மா வந்து நின்றது. நாற்பத்தைந்து வயசிருக்கும் என்றாய். கையில் இந்தக் கூடை, உள்ளே கத்திரிக்காய். டெல்லியிலிருந்து வருகிற தலைவரைக் கிட்டத்தில் பார்க்க வேண்டுமாம். "ஒரே ஒரு தபா பார்த்துட்டு வந்துடறேம்பா. இத்த கொஞ்சம் பார்த்துக்க." நீ சுருக்கை இழுத்தாய். கயிறு இறங்கியது. கூடையை உன்னிடம் கொடுத்துவிட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அது தாண்டிப் போனது. நீ திரும்ப முடிச்சைப் போட்டுவிட்டு, வண்டியில் இருந்த இன்னொரு கயிற்றுக் கட்டை எடுக்க நடந்தாய். அப்போதுதான் குண்டு வெடித்தது.

அதற்கு அப்புறம் நடந்ததைப் பற்றி நீ சொன்னது ஒரே ஒரு வரி. "அவ்ளோ தூரம் ஓடனேன், கூடைய மட்டும் வுடல பாரு."

அந்த அம்மா பிழைத்ததா இல்லையா, உனக்குத் தெரியாது. செத்தவர்கள் பட்டியலைப் பார்க்கலாம் என்றால் பெயர் தெரியாது. முகமும் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் பார்த்த பாதி முகம். உன் இடது காது அன்றோடு போனது. அதற்கப்புறம் எந்தப் பந்தலிலும் நீ சுருக்கு முடிச்சுப் போடவில்லை. கல்யாணப் பந்தல் மட்டும்தான் கட்டினாய், பிரிக்கும்போது கத்தியால் அறுத்தாய். சந்தை, பஸ் ஸ்டாண்டு, திருவிழா, எங்கே போனாலும் வயசான பொம்பளைகளின் முகத்தை உற்றுப் பார்ப்பாய். ஒரு முறை வாலாஜாபாத்தில் அதற்காக அடி வாங்க இருந்தாய். நான்தான் பன்னிரண்டு பேரைத் தனியாளாக அடித்து உன்னை மீட்டேன். இரண்டு பேர். அடிக்கவும் இல்லை, கையெடுத்துக் கும்பிட்டுக் கூட்டி வந்தேன்.

மறு வருஷம் அதே நாளில் நீ சோறு எடுக்கவில்லை. அண்ணி ஆள் அனுப்பினார். வந்து பார்த்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். எனக்கு என்ன தோன்றியதோ, வாய் தானாகப் பேசிற்று.

"அண்ணே, அந்தம்மாவ பார்த்தேன். சுங்குவார்சத்திரம் சந்தைல."

நீ திரும்பினாய். வலது காதை என் பக்கம் கொடுத்தாய்.

"இன்னா சொன்னே?"

"உசுரோட கீது. நல்லா கீது. உன்ன கேட்டுச்சு."

"கூடைய கேட்டுச்சா?"

"நீயே வெச்சுக்கச் சொல்லிச்சு."

"கத்திரிக்கா?"

"கொழம்பு வெச்சுச் சாப்டச் சொல்லிச்சு."

"ஒரு வருஷம் கழிச்சா?" என்றாய். அப்புறம் சிரித்தாய். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு முதல் சிரிப்பு. "கத நல்லா கீதுடா. இன்னொரு தபா சொல்லு." சொன்னேன். நீ சோறு சாப்பிட்டாய்.

நான் புளுகுகிறேன் என்று உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே வருஷா வருஷம் கேட்டாய். நானும் வருஷா வருஷம் கொஞ்சம் வளர்த்தேன். அந்த அம்மாவுக்குச் சேரப்பணஞ்சேரியில் ஒரு ஓட்டு வீடு கொடுத்தேன். இரண்டு பிள்ளைகள் கொடுத்தேன். கம்பெனிகள் வந்தபோது அதன் நிலத்தையும் எடுத்துக்கொண்டார்கள். மூத்தவனுக்குக் கார் கம்பெனியில் பெயின்ட் ஷாப்பில் வேலை கிடைத்தது. பேத்தி பிறந்தாள், முட்டி வலி வந்தது. நம் ஊரில் நடந்தது எல்லாம் அந்த அம்மாவுக்கும் நடந்தது. "ஆபரேசன் பண்ணிக்கச் சொல்லுடா" என்று ஒரு வருஷம் நீ நிஜமாகவே கவலைப்பட்டாய்.

உன்னிடம் சொன்னது போக, பஸ்ஸில் நான் சொன்னது வேறு கதை. அதுவும் உனக்குத் தெரியும். செங்கல் லாரியை விட்டுவிட்டுக் கம்பெனி பஸ்ஸுக்கு வந்த நாளிலிருந்து, சுங்குவார்சத்திரத்தில் ஷிப்ட் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒரகடத்துக்கு ஓட்டுகிறேன். இந்த ரோட்டில் என்னைவிட நன்றாக ஓட்டுகிறவன் இனிமேல்தான் பிறக்க வேண்டும். ஆர்.டி.ஓ.வே சொன்னார். அவருக்கு டீ வாங்கி வருகிறவர் சொன்னார். வழியில் அன்று குண்டில் போன தலைவரின் நினைவிடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். ஆரம்பத்தில் அந்த இடம் வந்தால் பஸ்ஸே அமைதியாகிவிடும். எல்லாரும் உள்ளூர் ஆள். ஒருத்தன் சத்தம் கேட்டவன், ஒருத்தன் மாமன் போலீஸில் இருந்தவன், ஒருத்தன் மறுநாள் போய்ப் பார்த்தவன். யாருக்கும் கதை சொல்லத் தேவையே இல்லை.

அப்புறம் அவர்கள் ஒவ்வொருவராய் நின்றுபோனார்கள். தெற்கத்திப் பிள்ளைகள் வந்தார்கள், பிறகு வடக்கத்திப் பிள்ளைகள். அவர்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். "நான் பத்தடி தூரத்துல நின்னுகினு இருந்தேன்" என்று ஆரம்பித்தேன். கேட்கிறவன் குறையக் குறைய நான் காரம் கூட்டினேன். சட்டை எரிந்தது என்றேன், தலைவர் என்னைப் பார்த்துக் கை அசைத்தார் என்றேன், கயிற்றை இறக்கியதே நான்தான் என்றேன். உன் கயிற்றைத் திருடினேன் அண்ணே. அன்று ராத்திரி நான் திண்டிவனத்தில் லாரிக்கு அடியில் படுத்து ஆக்சில் மாற்றிக்கொண்டிருந்தேன். எத்தனை காரம் போட்டாலும் காதில் ஒயரை மாட்டிக்கொண்டவனுக்கு என்ன உறைக்கும். போன வருஷம் ஒரு பையன் கேட்டான், "அண்ணா, அந்தப் பார்க்ல டிக்கெட் எவ்ளோ?"

எனக்குக் கோபம் வரவில்லை. என்னவோ அலுப்பாக இருந்தது. நம் அப்பா, தேசத்துக்கே அப்பா என்று சொல்லப்பட்டவரைச் சுட்ட நாளைப் பற்றிச் சொல்லுவார். ரேடியோ வைத்திருந்த வீட்டு வாசலில் ஊரே நின்று அழுததாம், அன்று ஒரு வீட்டிலும் அடுப்பு எரியவில்லையாம். நான் கொட்டாவி விடுவேன். எனக்கு அது பள்ளிக்கூடத்தில் இரண்டு நிமிஷம் சும்மா நிற்க வைக்கிற நாள், அவ்வளவுதான். அப்பா சொல்லிக்கொண்டே என் வாயைப் பார்ப்பார். கொட்டாவியைப் பார்த்ததும் நிறுத்திவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவார். இப்போது கண்ணாடியில் பின் சீட்டுப் பிள்ளைகளைப் பார்க்கும்போது அப்பா முகத்தோடுதான் பார்க்கிறேன். அழுதவர்கள் போன பிறகு சேதி மட்டும் நிற்கும். அப்புறம் அது இரண்டு மார்க் கேள்வி. அப்புறம் பஸ் நிறுத்தம்.

கடைசியாக உன்னை ஆஸ்பத்திரியில் பார்த்தபோது நீயாகவே கேட்டாய். "அந்தம்மா எப்டி கீது?"

"பேத்தி வேலைக்குப் போவுது. போன் கம்பெனில."

"பேரு இன்னாடா?"

"பேத்தி பேரா?"

"அதும் பேரு."

எதற்கும் திணறாத வாய் அன்று திணறியது. வீடு, நிலம், முட்டி வலி எல்லாம் கொடுத்தவன் பெயரைக் கொடுக்காமல் விட்டிருக்கிறேன். யோசித்து ஒன்றைச் சொல்ல வாயைத் திறந்தேன். நீ கையைத் தூக்கித் தடுத்தாய். "வாணாம். பேரு மட்டும் வெச்சுடாத. வெச்சா அது வேற யாரோ ஆயிடும்."

ஆறே மாதத்தில் பெயர் வைத்துவிட்டேன், அண்ணே. கன்னியம்மா. எப்படி வந்தது என்றே தெரியவில்லை. உன் கூடை பின்னால் தொங்குகிறது, ஒரு நாள் ஏதோ வேகத்தில் "சேரப்பணஞ்சேரி கன்னியம்மான்னு, இன்னிக்கும் உசுரோட கீது" என்றேன். பெயர் சொன்னதும் நாலு பேர் காதிலிருந்து ஒயரை எடுத்தார்கள். அது போதுமே எனக்கு. தினமும் கன்னியம்மா.

அந்த நாலு பேரில் ஒருத்தி இசக்கி. கோவில்பட்டிப் பக்கம். இருபத்திரண்டு வயசு. லைனில் எட்டு மணி நேரம் நின்று வேலை செய்துவிட்டுத் தபாலில் பி.ஏ. வரலாறு படிக்கிறாள். அந்தச் சம்பவம் நடந்தபோது அவள் அம்மாவுக்கே ஏழு வயசுதானாம். படிப்புக்காக ஊர்ச் சரித்திரம் ஒன்றைக் கண்ணால் பார்த்தவர்களிடம் கேட்டு எழுத வேண்டும் என்று என்னைப் பிடித்துக்கொண்டாள். நானும் அள்ளி விட்டேன். நோட்டில் இருபது பக்கம்.

"அண்ணாச்சி, அந்தக் கன்னியம்மா ஆச்சிகிட்ட என்னயக் கூட்டிட்டுப் போங்க" என்றாள். இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். முட்டி ஆபரேசன் என்றேன். பெண் வீட்டுக்குப் போயிருக்கிறது என்றேன்.

போன வாரம் வீக் ஆஃப் அன்று அவளே சேரப்பணஞ்சேரிக்குப் போய்விட்டாள். மறுநாள் ஷிப்ட் முடிந்து சுங்குவார்சத்திரத்தில் எல்லாரும் இறங்கின பிறகும் அவள் இறங்கவில்லை. கண் சிவந்திருந்தது.

"ஆச்சி தவறிட்டாவளாம் அண்ணாச்சி. உங்களுக்குத் தெரியாதா?"

"யாரு?"

"கன்னியம்மா ஆச்சி. ஊர்ல மூணு பேர்ட்ட கேட்டேன். ஒரு டீக்கடைக்காரர் சொன்னாரு, குண்டுல தப்பிச்ச அம்மாதான, மூணு மாசம் முந்திச் செத்துப்போச்சேன்னு. இன்னொருத்தரு எரிச்ச இடத்தையே காட்டுதாரு. ஒரு நாலு மாசம் முந்தி வந்திருக்கலாம்ல நான்?" நோட்டைத் திறந்து காட்டினாள். கன்னியம்மா, அடைப்புக்குறி போட்டு, மறைவு என்று எழுதி வைத்திருந்தாள்.

பொய் சொல்ல மாட்டேன், முதலில் கொஞ்சம் பெருமையாக இருந்தது. என் வாயில் பிறந்தவளுக்கு ஊரில் சுடுகாடே கிடைத்துவிட்டது. என் பஸ்ஸில் வந்தவன் எவனோ டீக்கடையில் சொல்லி, அவன் இன்னொருத்தனிடம் சொல்லி, யாரோ ஒரு நிஜக் கன்னியம்மா தலையில் அதைக் கட்டிவிட்டிருக்கிறார்கள். அடுத்த நிமிஷம் பெருமை போய்விட்டது. நீ சொன்னதுதான் நடந்திருக்கிறது. அது வேறு யாரோ ஆகிவிட்டது. நோட்டு பரீட்சைக்குப் போகும், யாராவது படிப்பார்கள், கன்னியம்மா நிற்பாள். உன்னிடம் கூடையைக் கொடுத்துவிட்டுப் போன அந்த அம்மாவுக்கு இனி உலகத்தில் இடமே இல்லை. நீ முப்பது வருஷம் தேடியதற்கும் அர்த்தம் இல்லை.

இன்ஜினை அணைத்தேன்.

"இசக்கி, அத அடிச்சுடு."

"எத?"

"கன்னியம்மாவ. அப்டி ஒருத்தி கிடையாது. நான் கட்டிவுட்டது."

அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நீ பார்த்திருந்தால் மறுபடியும் சோறு எடுத்திருக்க மாட்டாய். "வெளாடாதீங்க. ஊர்ல சொல்லுதாவளே?"

"என்கிட்ட கேட்டதத்தான் சொல்றாங்க."

"அப்ப நீங்க கயித்த எறக்குனது?"

"நான் இல்ல."

"பத்தடி தூரத்துல நின்னேன்னீங்க?"

"திண்டிவனத்துல இருந்தேன்மா."

"சட்ட எரிஞ்சது?"

"அது பீடி நெருப்பு."

அவளுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. "இருவது பக்கம் அண்ணாச்சி. ஓ.டி. முடிச்சுட்டு ஒக்காந்து எழுதுனேன். இதுல நெசம்னு ஒண்ணாவது இருக்கா?" இந்த வயசில் ஒரு பெண் பிள்ளை முன்னால் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். எனக்கு வேறு வழி தெரியவில்லை. எழுந்து கொக்கியிலிருந்து கூடையை எடுத்து அவள் மடியில் வைத்தேன்.

"இது நெசம்."

அப்புறம் உன் கதையைச் சொன்னேன். நீ சொன்ன அளவுக்கு மட்டும். அதிக நேரம் ஆகவில்லை. நான் சொன்னால் சுங்குவார்சத்திரத்திலிருந்து ஒரகடம் வரைக்கும் இழுக்கும் கதை, நீ சொன்னபடி சொன்னால் ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்துபோகிறது. கைப்பிடியில் நீ போட்ட கட்டை அவள் விரலால் தடவிக்கொண்டே கேட்டாள். இருபது பக்கத்தையும் கிழிப்பாள் என்று பார்த்தேன். கிழிக்கவில்லை. குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டுப் புதுப் பக்கம் திருப்பினாள்.

"அந்த அம்மா பேரு?"

"தெரியாது."

"ஊரு?"

"தெரியாது."

"பொழச்சாவளா?"

"தெரியாதும்மா. அண்ணனுக்கும் தெரியாமத்தான் போனாரு."

மூன்றையும் எழுதினாள். தெரியாது, தெரியாது, தெரியாது. இத்தனை வருஷத்தில் நான் சொன்ன எதையும் யாரும் அவ்வளவு அழுத்தி எழுதியதில்லை.

"கூடைக்குள்ள என்ன இருந்துச்சு?"

"கத்திரிக்கா."

"வேற?"

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. முல்லைப் பூ என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. பொட்டலம் கட்டிய பூ, வாழை நாரில் தொடுத்தது, அந்தத் தலைவருக்குக் கொடுப்பதற்காக. எவ்வளவு அழகாக இருந்திருக்கும். அந்தப் பெண் அழுதிருக்கும், பரீட்சை வைக்கிறவரும் அழுதிருப்பார். பேனா காத்துக்கொண்டிருந்தது. வெளியே அடுத்த ஷிப்ட் பஸ்காரன் ஹாரன் அடித்தான்.

"கத்திரிக்கா மட்டுந்தான்" என்றேன்.

கூடையைத் திரும்ப மாட்டிவிட்டேன். இன்று காலை நினைவிடத்துக்கு முன்னால் வேகத்தடையில் பஸ் ஏறி இறங்கியபோது அது ஆடியது. வழக்கமாக அந்த இடத்தில் என் தொண்டை தானாகக் கனைக்கும். இன்று சும்மா இருந்தேன். பின்னாலிருந்து ஒருத்தன், "இன்னா டிரைவரே, கத எங்கே?" என்றான். இசக்கிதான், "அந்தக் கூட யாரோடதுன்னு கேளுங்க" என்றாள். அவன் கேட்டான்.

"ஒரு அம்மாவோடது" என்றேன். "திரும்பி வந்து வாங்கிக்கிறேன்னு சொல்லிட்டுப் போயிருக்கு."